நம் தெருவுக்கு வந்து சேராத வேலைச் செய்தி

கல்லூரியில் கடைசிப் பருவத் தேர்வு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். நம் தெருக்களில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். முடித்த பையன்கள் காலை ஆறு மணிக்கே பெயின்ட் வேலைக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் வண்டி ஏறுகிறார்கள். முகூர்த்த நாளென்றால் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறார்கள். பெண் பிள்ளைகள் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். இல்லாவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். "சும்மா இருக்கறதுக்கு இது மேல்தானே" என்கிறார்கள் பெற்றோர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடம் பஸ் செலவும் தேர்வுக் கட்டணமும் மகளிர் குழுக் கடனில் போயிருக்கிறது. தவணை நிற்காது.

சிக்கல் என்னவென்றால், இரண்டு மாதத்துக்கு என்று போன வேலை இரண்டு வருடமாகிவிடுகிறது. அதற்குள் படித்த பாடமும் மறந்துவிடுகிறது, விண்ணப்பம் போடும் துணிச்சலும் போய்விடுகிறது.

இவர்களுக்குத் திறமை இல்லையா? அதே கல்லூரி, அதே வகுப்பு, சில சமயம் இவர்களைவிடக் குறைந்த மதிப்பெண். ஆனாலும் ஊர்த் தெருப் பையன் ஒரு நிதி நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கிறான். விசாரித்தால், "அவங்க மாமா அங்க இருக்கார்" என்பார்கள். மாமா சிபாரிசு செய்தாரா என்றால், பல நேரங்களில் அதுகூட இல்லை. "ஆள் எடுக்கிறாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள போடு" என்று ஒரு போன், அவ்வளவுதான். அந்தப் போன் நம் பிள்ளைகளுக்கு வருவதில்லை. அப்பா, தாத்தா, சித்தப்பா யாரும் அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி எந்த வழியாக வரும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 சதவீதம். இத்தனை பேர் இருக்கும் மாவட்டத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஒவ்வொருவரும் வேலை தேடும் கலையைத் தாமே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதில் கொஞ்சத்தையாவது இங்கே எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறோம்.

முதலில் காகிதங்கள்

நமக்குத் தெரிந்து வாய்ப்பு கைநழுவிப் போவதற்குப் பெரிய காரணம் மதிப்பெண் அல்ல, பெயர்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறொரு எழுத்து, சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் 'முனுசாமி', வங்கிக் கணக்கில் 'முனிசாமி'. எழுத்துத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் மேசை முன்னால் நின்றபிறகுதான் இது தெரியவருகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். வேலை அறிவிப்பு வந்தபிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் நாள் போதாது.

பட்டியல் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியரும், பழங்குடியினர் சான்றிதழ் வருவாய்க் கோட்டாட்சியரும் தருவது. மத்திய அரசுத் தேர்வுகளின் அறிவிப்பில் சாதிச் சான்றுக்குத் தனிப் படிவம் இணைத்திருப்பார்கள். அதை ஒருமுறை பார்த்துவிட்டு, தேவையென்றால் அந்த மாதிரியிலும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தமிழ்வழிச் சான்று. தமிழக அரசுப் பணி நியமனங்களில் 20 சதவீதம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்படுகிறது. 2010இல் வந்த சட்டம் இது. 2020இல் திருத்தியபிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழிலேயே இருந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் படித்தவர்கள். இது அவர்களுக்கென்றே வைத்தது போன்ற ஒதுக்கீடு. ஆனால் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் சான்று வாங்க வேண்டும். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிவிட்டாலோ இணைத்துவிட்டாலோ பதிவேடு எங்கே இருக்கிறது என்று தேட நாளாகும். விடுமுறையில் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

கட்டணப் பாக்கி என்று சொல்லிச் சான்றிதழைக் கொடுக்க மறுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. கல்வி உதவித்தொகை வராததற்கு மாணவர் என்ன செய்வார்? அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு முதல்வருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், நகலை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் அனுப்புங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் "நாளைக்கு வா" என்பார்கள். ஒப்புதல் ரசீதோடு மனு போனால் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறோம்.

அசல் சான்றிதழை எந்தத் தனியார் நிறுவனத்திடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம். அசலைக் கொடுத்தவர்கள் அதை மீட்பதற்காகவே பிடிக்காத வேலையில் வருடக்கணக்கில் கிடந்திருக்கிறார்கள். லேமினேஷனும் செய்ய வேண்டாம். சான்றிதழின் பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டி வந்தால் சிரமம்.

பெயரும் முகவரியும்

தனியார் வேலையில் சாதி பார்ப்பதில்லை என்று சொல்பவர்கள் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரண்டு அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரித் தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி, 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு வருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு அதைவிட மோசம், மூன்றில் ஒரு பங்கு.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் இல்லை. இங்கே காட்டிக்கொடுப்பது முகவரி. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் ஏற்கெனவே அச்சடித்த ஆதார் அட்டையும் மதிப்பெண் பட்டியலும் கையில் அப்படியேதான் இருக்கின்றன.

நம் பிள்ளைகளின் தன்விவரக் குறிப்பைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது. ஏதோ ஒரு கணினி மையத்தில் இருக்கும் பழைய மாதிரியை அப்படியே நகலெடுத்து, தந்தை பெயர், தந்தை தொழில், மதம், சாதி எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். தனியார் நிறுவனத்துக்கு இதில் ஒன்றுமே தேவையில்லை. பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், ஊர், மாவட்டம் போதும். அரசு விண்ணப்பத்தில் சாதியைத் தவறாமல் குறிப்பிட வேண்டும், அது உரிமை. தனியார் விண்ணப்பத்தில் கேட்காமல் எழுதுவது தேவையில்லாத வேலை. இதை மறைப்பது என்று யாராவது சொன்னால், அவர்கள் தங்கள் குறிப்பில் அதை எழுதுகிறார்களா என்று கேளுங்கள்.

"அனுபவம் ஒன்றும் இல்லையே, என்ன எழுதுவது" என்று கேட்கிறார்கள். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்து வருகைப் பதிவு எடுத்த பெண் இருக்கிறாள். அது ஆட்களைக் கவனித்துக் கணக்கு வைத்த அனுபவம். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் நம் மரக்காணம் பகுதி முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. அதில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த தங்கைகள் எத்தனை பேர்! அதெல்லாம் தன்விவரக் குறிப்பில் வர வேண்டும். விடுமுறையில் மளிகைக் கடையில் பில் போட்டிருந்தால் அதையும் எழுதலாம். கூலி வேலைதானே என்று வெட்கப்பட்டு மறைப்பதால்தான் குறிப்பு வெறுமையாக இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேரைக் கவிழ்த்தது: ஆறு மாதத்துக்கு ஒரு சிம் கார்டு மாற்றும் பழக்கம். விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வரும்போது அந்த எண் இருக்காது. வேலை கிடைக்கும்வரை ஒரே எண், ஒரே மின்னஞ்சல். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் கணினி மையக்காரரிடம் மட்டும் இருக்கக் கூடாது.

நேர்முகத் தேர்வில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்பார்கள். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அதிகாரிகளைச் சந்தித்து ஆராய்ந்தார்கள். தகுதி ஒன்றுதான் பார்க்கிறோம் என்று சொன்ன அதிகாரிகளே, குடும்பப் பின்னணி முக்கியம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே போக வேண்டும். தலையைக் குனிந்து "கூலிங்க" என்று முணுமுணுக்க வேண்டாம். "விவசாய வேலை பார்க்கிறார் சார். எங்க வீட்டுல முதல் பட்டதாரி நான்தான்" என்று நிமிர்ந்து ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள். இதைக் கண்ணாடி முன்னால் பத்து முறை சொல்லிப் பழகினால் குரல் உடையாது.

காசு கேட்காத கதவுகள்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் வீட்டுக்கு ஆர்டர் வரும் என்று இன்னமும் நம்பும் பெற்றோர் இருக்கிறார்கள். பதிவு மூப்பில் வேலை கிடைப்பது மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் பதிவு வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த அலுவலகத்தின் உண்மையான பயன் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, தன்னார்வப் பயிலும் வட்டம். அங்கே போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் புத்தகமும் உண்டு. இன்னொன்று, தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம். மாவட்டந்தோறும் இந்த முகாம் வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் நடக்கிறது. நிறுவனத்தார் நேரில் வந்து உட்கார்வார்கள், மாமா தேவையில்லை. முகாமுக்கு வரும் நிறுவனங்களையும் மற்ற இடங்களையும் அரசின் தனியார் வேலை இணையதளத்திலும் பார்க்கலாம்.

பதிவு செய்து 5 ஆண்டு காத்திருந்தும் வேலை இல்லாத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வயது வரம்பு 45. அறுநூறு ரூபாயில் இன்று என்ன ஆகும் என்பது வேறு கதை. உரிமையுள்ளதை வாங்காமல் விட வேண்டாம்.

தாட்கோ என்றால் கடன் கொடுக்கும் இடம் என்றுதான் நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும். வேலை சார்ந்த பயிற்சிகளையும் அது இலவசமாக நடத்துகிறது. மாவட்ட மேலாளர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். நாளிதழில் அறிவிப்பு வந்து நாம் பார்ப்பதற்குள் இடம் நிரம்பிவிடுவது வழக்கம்.

தொழிற்பழகுநர் பயிற்சி என்றால் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் இருக்கிறது. தவறு. பட்டதாரிகளுக்கும் ஓராண்டுப் பயிற்சி உண்டு, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டல வாரியம் இதைக் கவனிக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள்கூட இப்படி ஆள் எடுத்திருக்கின்றன, கலை அறிவியல் பட்டதாரிகளுக்கும் அதில் இடம் இருந்தது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை நிச்சயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்து பழகி, கையில் ஒரு சான்றிதழோடு வெளியே வருவது, ஒன்றுமில்லாமல் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

தேர்வெழுதுபவர்களுக்குக் கட்டண விவரம். டி.என்.பி.எஸ்.சி.யில் நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். தேர்வுக் கட்டணம் ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்குக் கிடையாது. மத்தியப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளிலும் விலக்கு. ரயில்வே தேர்வில் 250 ரூபாய் கட்டிவிட்டுத் தேர்வெழுதினால், வங்கிக் கட்டணம் போக மீதி உங்கள் கணக்குக்குத் திரும்ப வந்துவிடும். வெளியூரில் தேர்வு மையம் போட்டால் இலவச ரயில் பயணத்துக்கும் அனுமதி தருகிறார்கள். அனுமதிச் சீட்டோடு வரும் அந்தத் தாளைப் பலர் பார்ப்பதே இல்லை. மத்திய அரசுப் பணியில் நமக்கு வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு.

இட ஒதுக்கீடு பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடமே இருக்கிறது. மாநிலத்தில் பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இவ்வளவுதான் நமக்கு என்று நினைக்கிறார்கள். பொதுப்பிரிவு 31 சதவீதம் எல்லோருக்குமானது. நல்ல மதிப்பெண் எடுத்தால் நம் பிள்ளை பொதுப்பிரிவில் போகலாம், அப்போது 18இல் ஓர் இடம் இன்னொரு வீட்டுக்கு மிஞ்சும். கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்து "எஸ்.சி.க்கு இவ்வளவு போதும்" என்று அங்கேயே படிப்பை நிறுத்தும் பயிற்சி மையங்களை நம்ப வேண்டாம்.

இவ்வளவு சொன்னபிறகு நம் கருத்தையும் சொல்ல வேண்டும். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி. அதனால் பட்டதாரிகள் உட்பட லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள். அரசு வேலை ஒன்றையே நம்பி, வேறு எங்கும் போகாமல், மாடியிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து ஐந்து, ஆறு வருடத்தைக் கழித்துவிடும் தம்பிகள் நம் தெருக்களில் நிறைய. இருபத்தெட்டு வயதில் தேர்வும் போய், தனியார் நிறுவனமும் "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்" என்று கேட்கும். தேர்வுக்குப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வேலையில் இருந்துகொண்டு காலையில் இரண்டு மணி நேரம் படியுங்கள். முதல் வேலை பிடித்த வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சம்பளச் சீட்டு கொடுக்கும் வேலையாக இருந்தால் போதும்.

சம்பளச் சீட்டு என்று ஏன் சொல்கிறோம்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செய்யாறு தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தக்காரர் மூலம் போகிறவர்கள் பலருக்கு நியமனக் கடிதமே இருப்பதில்லை. சேரும்போதே கடிதம் கேளுங்கள். பி.எஃப். பிடித்தால் அதற்கான யு.ஏ.என். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை நிறுவனம் மாறினாலும் எண் ஒன்றுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் காகிதங்கள்தான் அடுத்த நிறுவனத்தில் 'அனுபவம்' ஆகும்.

பணம் வாங்கிக்கொண்டு வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவர் எப்போதும் தெரிந்தவர் மூலமாகத்தான் வருவார். "கலெக்டர் ஆபீஸ்ல ஆள் இருக்கு", "மின்வாரியத்துல சீட் இருக்கு". இரண்டு லட்சம், மூன்று லட்சம். மனையை அடகு வைத்தும், மகளுக்குச் சேர்த்த நகையை விற்றும் கொடுக்கிறார்கள். போலி ஆணையோடு போய் அலுவலக வாசலில் நின்ற பிறகு காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். தேர்வு எழுதாமல் வரும் அரசு ஆணை எதையும் நம்பாதீர்கள். தனியாரிலும் பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எது கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். சம்பளம் கொடுக்கப் போகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

வேலை கிடைத்த அன்றே

வேலை கிடைத்ததும் தொடங்குவது தங்கும் இடப் பிரச்சினை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தபோது, அந்த ஊரில் அவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் வெளியேறச் சொன்னார்கள். வேலையையே விட்டுவிட்டு பம்பாய் திரும்பினார். அவரே எழுதி வைத்திருக்கிறார். நூறு வருடம் கழித்து, சென்னையில் வீடு பார்க்கப் போகும் நம் பிள்ளையிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வீட்டுக்காரர் இருக்கத்தான் செய்கிறார்.

பெண்களுக்கு அரசின் 'தோழி' விடுதிகள் இருக்கின்றன. விழுப்புரத்திலும் ஒன்று இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் பெண்கள் அங்கே தங்கலாம், நம் பெண்கள் சென்னை போனால் தாம்பரத்தில் தங்கலாம். பையன்கள் முதலில் ஏற்கெனவே அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர் அறையில் சேர்வதுதான் நடைமுறை. முதல் சம்பளம் வர நாற்பது, ஐம்பது நாள் ஆகும். அதுவரை சாப்பாடு, அறை வாடகை, பஸ் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல், பதினைந்தாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு. 'அவனுக்கு வேலை பார்க்கத் துப்பில்லை' என்று ஊரில் பேசுவார்கள். துப்பு இருந்தது, ஏழாயிரம் ரூபாய்தான் இல்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் எழுதுகிற நாம், வேலைக்குப் போகும் பிள்ளைக்கு முதல் மாதச் செலவைக் கடனாகவாவது கொடுக்கலாம். மகளிர் குழுக்கள் நினைத்தால் இது பெரிய காரியமில்லை.

நமக்கு மாமா இல்லை என்று மேலே சொன்னோம். முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. காவலராக, செவிலியராக, ரயில்வேயில் டிராக்மேனாக, சத்துணவு அமைப்பாளராக, வங்கியில் கடைநிலை ஊழியராக ஒவ்வொரு குடியிருப்பிலும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். பொங்கலுக்கு வருகிறார்கள், டீ சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் பிள்ளைகள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: "அண்ணா, உங்க ஆபீஸ்ல எப்ப ஆள் எடுப்பாங்க? எதுல பார்க்கணும்?" வேலை கேட்கவில்லை, செய்திதான் கேட்கிறோம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மயிலம் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் ரேஷன் கடைச் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டியிருப்பதைப் பார்த்தோம். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போதெல்லாம் அதை எழுதுகிறார். எந்தத் தேர்வு, கடைசி நாள் எது, என்னென்ன சான்றிதழ், கட்டணம் உண்டா இல்லையா. அவருக்கு அடுத்த வீட்டில் பி.காம். முடித்த பெண் கைப்பேசியிலேயே மற்றவர்களுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறார். யார் எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். நாம் போன அன்று நோட்டில் பதினேழு பெயர்கள் இருந்தன. நான்குக்கு எதிரே சிவப்பு மையில் சேர்ந்த தேதி எழுதியிருந்தது.